கலைஞர்களே நடத்தும் நாடகக் குழு: தொடங்குவது முதல் நிலைபெறுவது வரை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கலைஞர்களே நடத்தும் குழு என்று எதைச் சொல்கிறோம்?

மூன்று முடிவுகள் யார் கையில் இருக்கின்றன என்று பாருங்கள்: எந்த நாடகத்தைப் போடுவது, வந்த பணத்தை எப்படிப் பிரிப்பது, யாரைச் சேர்ப்பது, யாரை விடுவிப்பது. இந்த மூன்றையும் மேடையில் வேலை செய்பவர்களே தீர்மானித்தால் அது கலைஞர்கள் நடத்தும் குழு. தயாரிப்பாளரோ அறங்காவலரோ தீர்மானித்தால், எவ்வளவு தோழமையாகப் பழகினாலும் அது வேறு வகை.

இது புதிய ஏற்பாடு அல்ல. 1599இல் லண்டனில் குளோப் அரங்கு எழுந்தபோது அதன் பாதிப் பங்கு பர்பேஜ் சகோதரர்கள் இருவரிடமும், மறுபாதி ஷேக்ஸ்பியர் உள்ளிட்ட ஐந்து நடிகர்களிடமும் இருந்தது. ஆளுக்குப் பத்தில் ஒரு பங்கு. பாரிஸில் 1964இல் தொடங்கிய தியேத்ர் து சொலெய் நாடகக் குழு ஒரு தொழிலாளர் கூட்டுறவாகவே உருவானது. அங்கே நெறியாளருக்கும் நடிகருக்கும் தொழில்நுட்பக் கலைஞருக்கும் ஒரே ஊதியம். சென்னையில் 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறையும், அதற்கு முன்பே 1949இல் கர்நாடகத்தின் ஹெக்கோடு கிராமத்தில் உருவான நீநாசமும் அமைப்பில் ஒன்றுக்கொன்று வேறானவை. ஆனாலும் வெளி முதலாளி ஒருவரின் தொழிலாக அல்லாமல், நாடகக் காதலர்களின் கூட்டு உழைப்பாகத்தான் அவை வளர்ந்தன.

குழு வளர்கிறதா என்பதை எதை வைத்துச் சொல்வது?

ஆண்டுக்கு எத்தனை புதிய நாடகம் என்று எண்ணும் பழக்கம் பரவலாக இருக்கிறது. தவறான கணக்கு அது. நான்கு புதிய நாடகங்களை ஒவ்வொன்றும் இரண்டு காட்சி போட்டு முடித்த குழுவும், ஒரே நாடகத்தை இருபது காட்சி போட்ட குழுவும் ஆண்டு முடிவில் ஒரே இடத்தில் நிற்பதில்லை. முதல் குழுவிடம் கடனும் களைப்பும் மிஞ்சும். இரண்டாவதிடம் நடிப்பில் முதிர்ச்சியும், திரும்பி வரும் பார்வையாளர்களும், அடுத்த நாடகத்துக்கான முதலும் இருக்கும். எனவே ஒரு நாடகம் எத்தனை முறை மேடையேறுகிறது என்பதைப் பாருங்கள். கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த எண்ணைக் கூட்டுவதைப் பற்றியவைதான்.

எத்தனை பேரோடு தொடங்கலாம்?

மைய உறுப்பினர்கள் ஐந்து முதல் ஒன்பது பேர். நால்வருக்குக் கீழே போனால் ஒருவர் காய்ச்சலில் படுத்தாலே எல்லா வேலையும் நின்றுவிடும். பத்துக்கு மேல் போனால் எல்லோரும் வரக்கூடிய ஒரு மாலையைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. மற்றவர்களை நாடகத்துக்கு நாடகம் சேரும் துணைக் கலைஞர்களாக வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குக் காட்சிக்கான ஊதியம் உண்டு, வாக்கு இல்லை என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். இரண்டு நாடகங்களில் முழுமையாக உழைத்தவர், விரும்பினால் மைய உறுப்பினராகலாம் என்ற விதி நன்றாக வேலை செய்கிறது.

ஐந்து பேரும் நடிகர்களாகவே இருந்தால் ஆபத்து. ஒருவராவது கணக்கை விரும்பிச் செய்பவராக, ஒருவராவது மேடை மேலாளராக இருக்க வேண்டும். நல்ல மேடை மேலாளர் இல்லாத குழு எந்த நாடகத்தையும் மறுமுறை அதே தரத்தில் போட முடியாது.

எல்லாவற்றையும் எல்லோரும் சேர்ந்தே முடிவு செய்ய முடியுமா?

முடியாது, தேவையும் இல்லை. சுவரொட்டியின் நிறத்தை ஏழு பேர் இரண்டு மணி நேரம் விவாதிப்பதைச் சனநாயகம் என்று நினைப்பதால்தான் பல குழுக்கள் சோர்ந்து போகின்றன. முடிவுகளை மூன்றாகப் பிரித்து எழுதி வையுங்கள்.

முதல் வகை, பொறுப்பாளர் தானே எடுப்பது: ஒத்திகை அட்டவணை, ஒளியமைப்பு, ஒப்புக்கொண்ட வரம்புக்குள் செய்யும் செலவு. இரண்டாவது, பெரும்பான்மை வாக்கு: அடுத்த நாடகம், டிக்கெட் விலை, பயணம். மூன்றாவது, மூன்றில் இரண்டு பங்கினர் நேரில் இருந்து, அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்ப வேண்டியவை: புதிய மைய உறுப்பினர், சொந்த இடம், கடன், விதித் திருத்தம்.

நெறியாள்கை தனி விஷயம். ஒரு நாடகம் தேர்வானபின் அதன் நெறியாளர் சொல்வதே இறுதி. ஒத்திகைத் தளத்தில் வாக்கெடுப்பு வைத்தால் நடிகர்கள் ஒருவருக்கொருவர் குறிப்புச் சொல்லத் தொடங்குவார்கள். நடிப்பு சிதறிப்போகும். அதற்குப் பதில், நெறியாளர் பொறுப்பை நாடகத்துக்கு நாடகம் மாற்றுங்கள். கலை இயக்குநர் என்று ஒருவர் தேவைப்பட்டால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல் வையுங்கள்.

கூட்டக் குறிப்பு அன்றிரவே எழுதப்பட வேண்டும். முடிவு, பொறுப்பாளர், கடைசி நாள் ஆகிய மூன்றும் இருந்தால் போதும்.

பிரதிக்கு உரிமை வாங்க வேண்டுமா?

வாழும் எழுத்தாளர் என்றால் கட்டாயம். மறைந்தவர் என்றால் உங்கள் நாட்டுப் பதிப்புரிமைக் காலத்தைப் பாருங்கள். இந்தியாவில் எழுத்தாளர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள். வேறு பல நாடுகளில் 70. மூல ஆசிரியரின் உரிமைக் காலம் முடிந்திருந்தாலும் மொழிபெயர்ப்பாளரின் உரிமை தனியாக நிற்கும் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. சிறுகதையை நாடகமாக்கவும் அனுமதி வேண்டும். எத்தனை காட்சி, எந்த ஊர்கள், எந்தத் தேதி வரை, காட்சிக்கு எவ்வளவு உரிமைத்தொகை என்பதைக் கடிதமாக வாங்குங்கள். வாய்ப்பேச்சில் கிடைத்த அனுமதி, நாடகம் வெற்றி பெற்ற பிறகு மறந்துபோகும்.

ஒத்திகைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது?

மேடையில் ஒரு நிமிடத்துக்கு ஒத்திகையில் ஒரு மணி நேரம் என்பது பழைய, பயனுள்ள அளவு. 90 நிமிட நாடகத்துக்கு 90 மணி நேரம். வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு மூன்று மணி நேரம் கூடினால் ஏறக்குறைய எட்டு வாரம். வேலைக்குப் போய்க்கொண்டே நாடகம் செய்பவர்களுக்கு இதைவிட வேகம் ஒத்துவராது.

முதல் வாரம் உட்கார்ந்து வாசிப்பு. அடுத்த மூன்று வாரம் காட்சி காட்சியாக அசைவுகளை அமைப்பது. நான்காவது வார முடிவில் பிரதி கையில் இருக்கக் கூடாது. இந்தத் தேதியை நடிகர்கள் கையெழுத்திட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். வசனம் பாடமாகும்வரை நடிப்பைப் பற்றிப் பேசி எந்தப் பயனும் இல்லை. ஐந்தாம், ஆறாம் வாரம் அங்கம் அங்கமாக. ஏழாவது வாரம் நிறுத்தாமல் முழு ஓட்டம், குறைந்தது நான்கு முறை. கடைசி வாரம் ஒளி, ஒலி, உடை.

பெரும்பாலும் தவறு நேர்வது அந்தக் கடைசி வாரத்தில்தான். அறுபது ஒளி, ஒலி மாற்றங்கள் உள்ள நாடகத்தில் ஒவ்வொன்றையும் நிறுத்திப் பார்த்துச் சரிசெய்யச் சராசரியாக ஆறு நிமிடம் ஆகும். மொத்தம் ஆறு மணி நேரம். அரங்கை முதல் காட்சிக்கு நான்கு மணி நேரம் முன்பு வாடகைக்கு எடுக்கும் குழு, விளக்குகளை மாட்டி முடிக்கும்போதே பார்வையாளர்கள் வாசலில் நிற்பார்கள். அரங்கு ஒரு முழுநாள் முன்பே கிடைக்காவிட்டால், மாற்றங்களை இருபதாகக் குறையுங்கள்.

ஒரு நாடகம் போட்ட காசை எப்போது திரும்பத் தரும்?

எந்த நாணயத்திலும் பொருந்தும்படி, டிக்கெட்டையே அளவாக வைத்துக் கணக்கிடலாம். 80 இருக்கைகள். 60 விழுக்காடு நிரம்பும் என்று வையுங்கள். அதற்கு மேல் நம்பித் திட்டமிட வேண்டாம். 48 பேர். அவர்களில் 8 பேர் இலவச அழைப்பு. காசு கொடுத்தவர்கள் 40.

இருவகைச் செலவு உண்டு. ஒருமுறை மட்டும் வருவது: மேடைப்பொருள், உடை, ஒத்திகை இடம், விளம்பரம். இது 200 டிக்கெட் மதிப்பு என்று கொள்வோம். ஒவ்வொரு காட்சிக்கும் வருவது: அரங்க வாடகை, போக்குவரத்து, மின்சாரம், உரிமைத்தொகை. இது 18 டிக்கெட். ஆக, ஒரு காட்சியில் மிஞ்சுவது 22. போட்ட முதலைத் திரும்ப எடுக்கப் பத்துக் காட்சிகள் தேவை.

ஏழு பேருக்குக் காட்சிக்கு ஆளுக்கு ஒரு டிக்கெட் மதிப்பு ஊதியம் கொடுத்தால் மிச்சம் 15ஆகக் குறைந்து, பதினான்கு காட்சிகள் ஆகும். மூன்று காட்சியோடு நிறுத்தினால் ஊதியமே கொடுக்காமல் 66தான் திரும்பும். மூன்றில் இரண்டு பங்கு நட்டம். நாடகம் நன்றாக இருந்தும் பணம் போய்விட்டது என்று வருந்தும் குழுக்களின் கணக்கைப் பிரித்தால், பெரும்பாலும் இந்த மூன்று காட்சிதான் இருக்கும்.

உங்கள் எண்களை இதே வரிசையில் போட்டுப் பாருங்கள். நாடகத்தைத் தேர்வு செய்யும் கூட்டத்திலேயே போட வேண்டும், பிறகு அல்ல.

பணத்தைப் பிரிப்பதில் நியாயமான முறை எது?

நடைமுறையில் நிலைத்தவை மூன்று. எல்லோருக்கும் சமம். அல்லது பங்கு முறை: 1680இல் உருவான கொமெதி ஃபிரான்ஸேஸ் அரங்கில் உறுப்பினரின் முழுப் பங்கு பன்னிரண்டு கூறுகளாகப் பிரிந்து, மூப்புக்கு ஏற்பக் கூடிக்கொண்டு போகும். அல்லது புள்ளி முறை: ஒத்திகை மணி, காட்சி, மேடைக்கு வெளியே செய்த வேலை ஒவ்வொன்றுக்கும் புள்ளி.

தொடக்க ஆண்டுகளுக்குச் சமப் பங்கே நல்லது. புள்ளி முறை நியாயமானதாகத் தோன்றும். ஆனால் புள்ளியைப் பதிவதற்கே ஒரு ஆள் வேண்டும், சண்டையும் அங்கிருந்தே கிளம்பும். எதைத் தேர்ந்தாலும் வரிசை ஒன்றுதான். முதலில் காட்சிச் செலவு, பிறகு குறைந்தபட்ச ஊதியம், பிறகு மிச்சத்தில் நான்கில் ஒரு பங்கு சேமிப்புக்கு, கடைசியாகப் பங்கு. வாடகை போன்ற நிலையான செலவுகளின் மூன்று மாதத் தொகையைச் சேமிப்பு எட்டும்வரை அதைத் தொடக் கூடாது.

வங்கியில் இரண்டு கையெழுத்து. வாசலில் வசூலான பணத்தை அன்றே இருவர் எண்ணி, டிக்கெட் அடிக்கட்டையோடு ஒப்பிட்டு, தாளில் கையெழுத்திட வேண்டும். நம்பிக்கை இல்லாததால் அல்ல. நம்பிக்கை கெடாமல் இருப்பதற்காக.

இலவசமாகப் போட்டால் கூட்டம் கூடாதா?

கூடலாம், நிலைக்காது. இலவசமாகப் பெயர் பதிவு செய்தவர்களில் பெரும்பகுதி வராமல் போவது வழக்கம். அன்று மழை பெய்தால் போதும். காசு கொடுத்தவர் வருவார். மாணவர், பொது, ஆதரவாளர் என மூன்று விலை வையுங்கள். தெருவில், பள்ளியில், பொது இடத்தில் போடும்போது காட்சி முடிவில் துணி விரித்துக் கேளுங்கள். கேட்பவர் நடித்தவராக இருந்தால் அதிகம் சேரும். அழைப்பிதழ் இருக்கைகள் பத்தில் ஒன்றைத் தாண்ட வேண்டாம்.

சொந்த இடம் எப்போது எடுக்கலாம்?

பெரும்பாலோர் எடுக்கும் காலத்துக்கு இரண்டு ஆண்டு பொறுத்து. மாதத்துக்கு நான்கு காட்சிகளாவது ஒரு வருடம் தொடர்ந்து போட்டிருந்தால், ஒத்திகைக்கும் அரங்குக்கும் தனித்தனியே கொடுத்த வாடகையைக் கூட்டிப் பாருங்கள். அது சொந்த இடத்தின் வாடகையில் எழுபது விழுக்காட்டை எட்டினால் யோசிக்கலாம். இடம் வந்தபிறகு அதை நிரப்புவதற்காக நாடகம் போடும் நிலை வந்தால், வாடகைதான் உங்கள் கலை இயக்குநர்.

இதில் பொறுமைக்கு நல்ல சான்று சிகாகோவின் ஸ்டெப்பன்வுல்ஃப் நாடகக் குழு. 1970களின் நடுவில் புறநகர்த் தேவாலயம் ஒன்றின் நிலவறையில், 88 இருக்கைகளோடு தொடங்கியது. ஐந்நூறுக்கு மேற்பட்ட இருக்கைகள் கொண்ட சொந்தக் கட்டடத்துக்குப் போனது 1991இல். தியேத்ர் து சொலெய் கைவிடப்பட்ட வெடிமருந்துத் தொழிற்சாலை ஒன்றில் 1970இல் குடியேறியது. அரங்காகக் கட்டப்படாத இடங்கள்தான் இத்தகைய குழுக்களுக்குப் பெரும்பாலும் வாய்த்திருக்கின்றன.

இடம் பார்க்கும்போது எதை அளக்க வேண்டும்?

முதலில் உயரம். விளக்குக் கம்பி 3.5 மீட்டராவது மேலே இருக்க வேண்டும் என்பதால் கூரை 4 மீட்டருக்குக் குறையக் கூடாது. தாழ்ந்த கூரையில் விளக்கு நடிகரின் நெற்றியில் அடிக்கும், பின்சுவரில் பெரிய நிழல் விழும். இதற்கு மருந்து இல்லை. அடுத்து, நடுவில் தூண். மூன்றாவது சத்தம்: நாடகம் நடக்கப்போகும் அதே கிழமை, அதே நேரத்தில் அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்து கேளுங்கள்.

நடிப்பிடம் 6 மீட்டருக்கு 5 மீட்டர். இருக்கைக்கு 50 செ.மீ. அகலம், வரிசைக்கு வரிசை 90 செ.மீ. நடைபாதையும் சேர்த்தால் ஒருவருக்கு 0.7 சதுர மீட்டர். 80 பேருக்கு 56. மூன்றாவது வரிசை முதல் ஒவ்வொன்றும் 20 செ.மீ. உயர வேண்டும். இல்லாவிட்டால், தரையில் நடிக்கும் காட்சிகள் முன்வரிசைக்கு மட்டும்தான். வெளியேற இரண்டு கதவுகள், எதிரெதிர்ப் பக்கங்களில், காட்சி நடக்கும்போது பூட்டாமல். கறுப்புத் திரைகள் தீப்பற்றாத பூச்சு உள்ளவையாக இருக்கட்டும். உள்ளூர்த் தீயணைப்பு விதியை இடத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே விசாரியுங்கள்.

குறைந்தபட்சம் எத்தனை விளக்குகள்?

மேலே சொன்ன மேடையை ஆறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் முன்னாலிருந்து இடமும் வலமுமாக 45 பாகைக் கோணத்தில் இரண்டு. மொத்தம் 12. பின்னாலிருந்து நான்கு சேர்த்தால் நடிகர் திரையோடு ஒட்டாமல் தனித்துத் தெரிவார். அவ்வளவு இல்லை என்றால் மூன்று பகுதிகள், ஆறு விளக்குகள் போதும். மீதியை இருட்டாக விடுங்கள். ஆறு நல்ல விளக்குகள், எல்லாப் பக்கமும் வெளுத்துப்போன இருபதைவிட மேல்.

230 வோல்ட்டில் 1000 வாட் விளக்கு ஏறக்குறைய 4.3 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் இணைப்பில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் தொடர்ந்து ஏற்றக் கூடாது, அதாவது 12.8. மூன்றாவது விளக்கை மாட்டியதும் 13ஐத் தொடுகிறது. அதனால் ஓர் இணைப்புக்கு இரண்டு. உச்சக் காட்சியில் எல்லா விளக்கும் ஏறும்போது ‘ட்ரிப்’ ஆவது, அதாவது மின்சாரம் துண்டிக்கப்படுவது, இதனால்தான். ஒத்திகையில் எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றிப் பார்த்திருக்க மாட்டார்கள். எல்.இ.டி. விளக்குகளுக்கு இந்தக் கவலை குறைவு. ஆனால் அவற்றை, ஒளியைக் கூட்டிக் குறைக்கும் பழைய டிம்மர் வழியாக மாட்டினால் சிமிட்டும், சில நாளில் கெட்டும் போகும். நேரடி மின்சாரமும் தனிக் கட்டுப்பாட்டுக் கம்பியும் வேண்டும். ஒவ்வொரு விளக்கிலும் கொக்கியைத் தவிர இரும்புப் பாதுகாப்புக் கம்பி இருக்கட்டும்.

ஆறு மாதம் கழித்து அதே நாடகத்தைப் போட என்ன வைத்திருக்க வேண்டும்?

மேடை மேலாளரின் பிரதி. ஒவ்வொரு அசைவும், ஒவ்வொரு ஒளி ஒலி மாற்றமும் எண்ணோடு குறிக்கப்பட்ட ஒரே பிரதி, ஒரு நகலோடு. பிறகு மேடைப்பொருள் பட்டியல், எது எந்தப் பெட்டியில் என்று. உடைகளைத் துவைத்து, பெயர் எழுதி வைப்பது. ஒலிக்கோப்புகளை இரண்டு இடத்தில், வரிசை எண்ணோடு. நடுவில் ஒரே இடத்தில் நிறுத்திய கேமராவில் எடுத்த முழுக் காட்சிப் பதிவு; இது விளம்பரத்துக்கு அல்ல, அசைவை நினைவுபடுத்த.

இவை இருந்தால் மறுமேடையேற்றத்துக்கு நான்கு ஒத்திகைகள் போதும். இல்லாவிட்டால் பதினைந்து.

முக்கிய நடிகர் விலகினால்?

விலகுவார், திருமணம், வேலை, வெளியூர், சினிமா. அதைத் துரோகமாகப் பார்க்கும் குழு பிளவுபடும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இன்னொருவர் முதல் ஒத்திகையிலிருந்தே பயில வேண்டும். அவருக்கும் ஐந்தில் ஒரு காட்சி உறுதியாகக் கிடைக்க வேண்டும். வாய்ப்பே வராத மாற்று நடிகர் இரண்டாவது மாதம் வரமாட்டார்.

நல்கையை (நிதி உதவியை) நம்பலாமா?

வாங்குங்கள். ஆனால் ஒரே இடத்திலிருந்து வருவது ஆண்டு வரவில் மூன்றில் ஒன்றைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நல்கைப் பணத்தில் மாதச் சம்பள ஆட்களை நியமிப்பது, அது முடியும் மாதத்தில் அவர்களை வெளியே அனுப்புவதற்குச் சமம். திரும்பத் திரும்பப் பயன்படும் பொருளுக்கு, பயிற்சிக்கு, பதிவுக்குச் செலவிடுவது பாதுகாப்பு. விண்ணப்பத்துக்காகவே ஒரு கருப்பொருளை எடுத்து நாடகம் செய்தால், அது முதலை எடுக்கத் தேவையான, மேலே கணக்கிட்ட பதினான்கு காட்சி ஓடாது.

பார்வையாளரைச் சேர்ப்பது எப்படி?

சுவரொட்டி ஊருக்குச் செய்தி சொல்லும், இருக்கையை நிரப்பாது. நிரப்புவது ஏற்கெனவே பார்த்தவரின் வாய். அதனால் ஒவ்வொரு காட்சியிலும் விருப்பமுள்ளவர்களின் தொலைபேசி எண்ணை ஒரு சிறு தாளில் வாங்கி, மறுநாளே பட்டியலில் ஏற்றுங்கள். மாதத்துக்கு இரண்டு செய்திக்கு மேல் அனுப்பாதீர்கள். மாதந்தோறும் ஒரே கிழமையில் நாடகம் இருந்தால் மக்கள் மனத்தில் நாள் தங்கும். காட்சி முடிந்ததும் நடிகர்கள் பதினைந்து நிமிடம் வாசலில் நிற்கட்டும். நின்று பேசியவர் அடுத்த முறை துணையோடு வருவார். சொன்ன நேரத்தில் தொடங்குங்கள். பிரமுகர் வரவில்லை என்று அரை மணி நேரம் தாமதித்தால், நேரத்துக்கு வந்த எல்லோரும் அடுத்த முறை தாமதமாக வருவார்கள்.

வெளியூர்ப் பயணம் பலன் தருமா?

உள்ளூரில் ஆறு காட்சிக்குப் பின் கூட்டம் குறைவது இயல்பு. பதினான்கை எட்டுவதற்குப் பயணமே வழி. நீநாசம் 1985 முதல் ‘திருகாட’ என்ற பயணக் குழுவை அனுப்பி, கர்நாடகம் முழுக்க ஆண்டுதோறும் நாடகங்களைக் கொண்டுசெல்கிறது. அதற்கேற்ப நாடகத்தை முதலிலிருந்தே வடிவமைக்க வேண்டும். மேடைப்பொருள் முழுவதும் ஒரே வேனில் அடங்க வேண்டும். எந்தத் துண்டும் 2 மீட்டரைத் தாண்டக் கூடாது, இருவரே தூக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இறங்கிய நான்கு மணி நேரத்தில் திரை உயர வேண்டும். அழைப்பவருக்கு ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள்: மேடை அளவு, மின் இணைப்பு, இருட்டு வேண்டுமா, எத்தனை பேர் தங்குவார்கள், முன்பணம் எவ்வளவு, எப்போது.

கூட்டாக உருவாக்கிய நாடகம், குழு பிரிந்தால் யாருக்கு?

ஒத்திகையில் சேர்ந்து உருவாக்கிய நாடகங்களில் இதுதான் கடினமான சிக்கல். முதல் ஒத்திகைக்கு முன்பே ஒரு பக்க ஒப்பந்தம் எழுதுங்கள். நாடகத்தை மேடையேற்றும் உரிமை குழுவுக்கு. உருவாக்கியவர்களின் பெயர் எப்போதும் சுவரொட்டியில். விலகியவருக்கும் ஒவ்வொரு காட்சியிலிருந்தும் உரிமைத்தொகையில் பங்கு. அச்சிட, படமாக்க எல்லோரின் கையெழுத்தும் தேவை. குழு கலைந்தால், எஞ்சியவர்களில் யார் வேண்டுமானாலும் மற்றவர்களுக்கு எழுதித் தெரிவித்துவிட்டுப் போடலாம். விளக்கு, உடை, திரை போன்ற பொதுப்பொருள்களை யாருக்குக் கொடுப்பது என்பதும் அதிலேயே இருக்கட்டும். வேறொரு நாடகக் குழுவுக்குக் கொடுப்பது என்று எழுதுவதே சிறந்தது. தொடங்கியவர் விலகும்போதும் இதே ஒப்பந்தம் பொருந்தும். அவர் விலகும் நாளுக்கு ஓராண்டு முன்பிருந்தே, வங்கிக் கையெழுத்து, எழுத்தாளர்களோடு உள்ள தொடர்பு, பார்வையாளர் பட்டியல் மூன்றும் இன்னொருவர் கைக்கு மாறத் தொடங்க வேண்டும்.